செல்வி காட்டிய வெள்ளைக் குகை

வைகாசி 12, ஞாயிறு

இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் என் மகள் செல்வி இன்று போனில் ஒரு குகையைக் காட்டினாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளையும் சுற்றிப்பார்க்கக் கூட்டிப்போயிருந்தார்கள். போய் ஏழு மாதமாகியும் பேச ஆளில்லை என்று தினம் அழுகிறவள். எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்தக் காலத்தில் வெள்ளை மண்ணுக்காக ஆட்கள் கையாலேயே குடைந்த குகையாம். சுவரெல்லாம் குந்தாலி கொத்திய தடம். மேல்கூரை சரியாமல் இருக்க, இடையிடையே தூண் விட்டு வெட்டியிருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட வேலைக்காரர்கள்! விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் நாற்பது வருடம் மண் பார்த்தவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

"செவுத்துல நாக்க வெச்சுப் பாரும்மா. ஒட்டுச்சுன்னா நல்ல மண்ணு" என்றேன்.

"ஐயோ அப்பா, எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். நீ வெய்யி."

வைத்தாள். "ஒட்டுதுப்பா!"

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரம்மா என்னவென்று கேட்டுவிட்டுத் தானும் நாக்கை வைத்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர். ஒரே சிரிப்பு.

"அப்பா, என்னக் கூப்புடுறாங்க. அப்பறம் பேசுறேன்" என்று செல்வி போனை வைத்துவிட்டாள். ஏழு மாதத்தில் அவள் முந்திக்கொண்டு வைத்தது இன்றுதான்.

கை வலிக்கிறது. ஆனாலும் இதை எழுதாமல் படுக்க மனமில்லை. இந்த வயதில் எழுதக் கற்றது நல்லதாயிற்று.