அப்பாவின் காது மிஷின்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? போனில் எதைச் சொன்னாலும் "சரி, சரி" என்கிறீர்கள்; அதனால்தான் கடிதம்.

ஏழு மாத அலைச்சலுக்குப் பிறகு புராடக்ட் மேனேஜர் வேலை கிடைத்துவிட்டது. ஒரே இடத்துக்கு எண்ணூறு பேர் போட்டி. நேர்காணலில், நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை எப்படிச் சீராக்குவேன் என்று கேட்டார்கள். உங்கள் காது மிஷினைச் சொன்னேன். அது விசிலடிப்பதையும், நீங்கள் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கேட்டது போலத் தலையாட்டுவதையும் நடித்தே காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பெண் அதிகாரி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பாகிட்ட உக்காந்து கேட்டீங்களா, என்ன கஷ்டம்னு?"

"நிறைய தடவை கேட்டிருக்கேன் மேடம்" என்றேன். பொய் சொல்ல வாய் கூசவில்லை. இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள்தான் வேண்டும் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள்.

நாலு வருஷமாக நீங்கள் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அப்பா.

என் பழைய போர்வையை அம்மாவை அனுப்பச் சொல்லுங்கள். புதுசில் தூக்கம் வரவில்லை. தபாலுக்கு நேரமாகிவிட்டது.

எந்தக் காதில், அப்பா, அது விசிலடிக்கிறது?

உங்கள் மகள்