ஓரன் வீட்டுக்குப் போன கோழி

ஜனவரி 17, 1984. செவ்வாய்

வேலைநிறுத்தம் தொடங்கி ஆறாவது வாரம். விடியும் முன்பே கோழி ஆலை வாசலில் நாற்பது பேர் நின்றோம். மூக்குக்குள்ளேயே மூச்சு உறைகிற குளிர். மறியலை மீறி வேலைக்குப் போகிற கருங்காலிகளின் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்றாவது காரை மறித்துக்கொண்டோம். ஆலையில் என் பக்கத்தில் நின்று வெட்டுகிற ஜோலீன் முன்விளக்கை உதைத்து உடைத்தாள். நான் மட்டும் சும்மா நிற்பேனா? பக்கக் கண்ணாடியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிய்த்து எடுத்தேன். பதின்மூன்று வருடம் கோழி இறக்கை வெட்டிய கை. நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நன்றாக இருந்தது.

அப்புறம்தான் உள்ளே குனிந்து பார்த்தேன். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, இரவல் காரில், என் அண்ணன் ஓரன்.

வாசல் மறியலுக்குத் தலைவன் என் வீட்டுக்காரன் வெர்லின். அவனும் பார்த்தான். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. சங்கக் கூடத்துக்குத் திரும்பியதும் கருங்காலிகள் பெயர்ப்பலகையில் ஓரன் பெயரைத் தன் கையாலேயே எழுதினான். நான் பக்கத்தில்தான் நின்றேன். சுண்ணக்கட்டி உடைந்தது, இன்னொன்று எடுத்து எழுதி முடித்தான்.

ஜனவரி 18

தூக்கமில்லை. தோள் வலி.

ஜனவரி 22, ஞாயிறு

ஓரனின் மனைவி மேவிஸுக்கு வெள்ளிக்கிழமை கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். பாதிரியார் பிரசங்கத்துக்குப் பிறகு சொன்னார். வேலைநிறுத்தத்தில் இருந்தால் மருத்துவக் காப்பீடு கிடையாது. அதற்காகத்தான் ஓரன் உள்ளே போனான் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன? வாசலில் நிற்கிற எங்களுக்கெல்லாம் வயிறும் நோயும் இல்லையா?

யாராவது நோயில் படுத்துவிட்டால், எந்த நாள் யார் வீட்டுச் சாப்பாடு போகும் என்று எழுத தேவாலயத்தில் ஒரு தாள் வைப்பார்கள். காபி ஆறுவதற்குள் நிரம்பிவிடும். செவ்வாய்க்கிழமை எனக்குத்தான் என்று இரண்டு பேர் சண்டை போட்டதைக்கூடப் பார்த்திருக்கிறேன். இன்று தாள் இருந்தது, பேனா இருந்தது, யாரும் தொடவில்லை. ஜோலீன் காபிக் கோப்பையை அந்தத் தாள்மேல் வைத்தாள்.

நானும் காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 24

ஓரன் வீட்டு முன்ஜன்னலை யாரோ செங்கல்லால் உடைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. எங்களோடு மறியலில் நிற்கிற கென்னிதான். சங்கக் கூடத்தில் நடித்துக் காட்டினான், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா? பல் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 26, வியாழன்

செய்துவிட்டேன்.

மேற்கே ஒரு பண்ணைக்காரர் போராட்டக் குடும்பங்களுக்கென்று வீட்டுக்கு ஒரு கோழி கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் பங்குக் கோழி அது. காலை ஐந்து மணிக்கு வாசலுக்குக் கிளம்புமுன் ஸ்லோ குக்கரை எடுத்தேன், மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கிற மின்சாரப் பானை. அடியில் வெங்காயம் பரப்பி, அதன்மேல் முழுக்கோழி. தோலுக்கடியில் விரலை விட்டுப் பிரித்து வெண்ணெயும் உப்பும் தேய்த்தேன். ஆலையில் ஒரு நிமிடத்துக்கு முப்பது கோழியைக் கூறு போடுவோம், ஒன்றின் முகத்தையும் பார்த்ததில்லை. இதன் காலை நூலால் கட்டினேன். தண்ணீர் ஊற்றவில்லை, அது தன் சாறிலேயே வேகும். குறைந்த சூட்டில் வைத்துவிட்டு, கருங்காலிகளின் டயரைக் கிழிக்க ஒரு பெட்டி ஆணியும் எடுத்துக்கொண்டு எங்கள் காரில் மறியலுக்குப் போனேன். நான் இப்படித்தான் இருக்கிறேன் இப்போது.

மதியம் ஒன்றுக்கு வந்தேன். மூடியைத் திறந்து பார்க்கவில்லை, திறந்தால் சூடு போய்விடும். துண்டால் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் வயல்வழிச் சாலையில் காரை ஓட்டிப் போனேன். ஓரன் ஆலையில் இருக்கும் நேரம். மேவிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தாள். உடைந்த ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது.

"வெர்லினுக்குத் தெரியுமா?" என்றாள்.

"கோழிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கோழி சொல்லாது."

சிரிக்கப் போனவள் தையல் வலித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பானையை அடுப்படியில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஜனவரி 28, சனி

முட்டாள். முட்டாள். முட்டாள்.

இந்த ஊரில் எந்தப் பெண்ணும் பெயர் ஒட்டாமல் ஒரு பாத்திரத்தை வெளியே அனுப்ப மாட்டாள். விருந்து என்றால் தேவாலய அடித்தளத்தில் அறுபது பாத்திரம் சேருமே, எது யாருடையது என்று எப்படித் தெரியும்? என் பானைக்கு அடியிலும் பட்டையான வெள்ளை டேப், அதில் என் கையெழுத்தில் என் பெயர், ஆர்டிஸ் நோர்பி. எட்டு வருடமாக ஒட்டியே இருப்பதால் அது என் கண்ணிலேயே படவில்லை.

இன்று காலை ஓரன் ஆலையில் இருந்தபோது கென்னியும் அவன் தம்பி ராஸும் ஓரன் வீட்டுப் பின்கதவை உடைத்து நுழைந்திருக்கிறார்கள். மேவிஸ் மாடியில் படுத்தபடியே கீழே தட்டுகள் உடைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என் பானையையும் உடைக்கத் தூக்கிய கென்னி அடியைப் பார்த்திருக்கிறான். பானையை வைத்துவிட்டு டேப்பை உரித்துக்கொண்டு சங்கக் கூடத்துக்கு வந்து, நூறு பேர் முன்னால் வெர்லினின் கோட்டில், நெஞ்சுமேல் ஒட்டினான்.

"கேப்டன், உன் பொண்டாட்டி கருங்காலிக்கு ஆக்கிப் போடுறா. நமக்கு வந்த கோழிய."

வெர்லின் அதை எடுக்காமலே வீட்டுக்கு வந்தான். நெஞ்சில் என் பெயர். என் தோளைப் பிடித்து ஃப்ரிட்ஜில் மோதவைத்தான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. மேலே இருந்த ரொட்டி டப்பா விழுந்தது. நான் அவன் தாடையில் குத்தினேன், முழு பலத்தோடு. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம்.

"நாளைக்குப் போய் உன் பானைய நீயே வாங்கிட்டு வா. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

ஜனவரி 29, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

தேவாலயத்துக்குப் போகவில்லை. மூன்று மணிக்கு வெர்லின் வண்டியை ஓரன் வீட்டு மரங்களுக்குப் பின்னால் நிறுத்தினான். நீ போ, நான் இங்கேயே இருக்கிறேன் என்றான். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வண்டிக்குப் பின்னால் கென்னியின் வண்டி. எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நின்றிருக்கலாம். கத்தியிருக்கலாம். பானையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று— இல்லை. பயம். வெர்லினிடம் பயம், ஜோலீனிடம் பயம், நாளைக்கு வாசலில் எனக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்ற பயம். அவ்வளவுதான்.

தட்டினேன்.

"யாரு?"

"நான்தான் ஓரன். ஆர்டிஸ். பானைக்கு வந்தேன்."

இரண்டு தாழ்ப்பாள் போட்டிருந்தான். இரண்டையும் திறந்தான். கழுவித் துடைத்த பானையைக் கையில் வைத்திருந்தான். "எலும்பக்கூட சூப் வச்சுட்டோம்" என்றான். அவன் கண் என்னைத் தாண்டிப் போனது. பானையை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கலாம், நேரம் இருந்தது. ஆனால் என் கையைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்தான். என்னையும் அடிக்க வருகிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

அவனைப் பனியில் இழுத்துப் போட்டார்கள். கென்னி மார்பில் உட்கார்ந்தான், ராஸ் வலது கையை வாசற்படிமேல் நீட்டிப் பிடித்தான். போராட்ட அட்டைகளைக் கோடரிக் காம்பில்தான் அடித்து வைத்திருக்கிறோம். அதில் ஒன்றை வெர்லின் கொண்டுவந்திருந்தான், அட்டையைக் கழற்றிவிட்டு. அந்தக் கைமேல் மூன்று அடி. முதல் அடிக்கு அண்ணன் கத்தினான். இரண்டாவதுக்கு என் பெயரைச் சொன்னான். மூன்றாவதுக்குச் சத்தமே இல்லை. எலும்பு நொறுங்குவது எனக்குத் தெரிந்த சத்தம், நாள் முழுக்கக் கேட்டு வாழ்ந்தவள் நான். வாந்தி எடுத்தேன்.

மேவிஸ் மாடி ஜன்னலில் நின்றாள்.

ஜனவரி 30

ஷெரிஃபின் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டானாம். பனியில் வழுக்கி விழுந்தேன் என்றானாம் ஓரன். எனக்காகத்தான். எங்கள் இருவரிடமும் விசாரித்தார்கள். ஞாயிறு மதியம் வீட்டில் இருந்தோம் என்றான் வெர்லின். நான் தலையாட்டினேன்.

பிப்ரவரி 2, வியாழன்

ஆஸ்பத்திரி. ஓரன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள், மற்ற விரல்கள் மடங்காதாம். மேவிஸ் என்னை வராந்தாவுக்குக் கூட்டி வந்தாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன்.

"அவன் யாருக்கும் கதவத் திறக்கறதில்ல, ஆர்டிஸ். பாதிரியாருக்குக்கூடத் திறக்கல. உன் குரலுக்குத் திறந்தான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் வெர்லின் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எப்படி இருக்கிறான் என்று கேட்டான். சொன்னேன். முள்கரண்டியைக் கீழே வைத்தான். "கை ஆறிடும். இந்த ஊர்ல என் பேர் போனா போனதுதான்" என்றான். அழுதான் என்றே நினைக்கிறேன். எனக்கு அவன்மேல் இரக்கமும் வந்தது, கத்தியை எடுத்து அவன் விரல் இரண்டை வெட்டவும் ஆசை வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

பிப்ரவரி 3, வெள்ளி

ஷெரிஃப் அலுவலகம். மூன்று பெயரையும் சொன்னேன். தட்டச்சு செய்தவர் எனக்குப் பள்ளியில் இரண்டு வகுப்பு மேலே படித்தவர். கதவைத் தட்டியது யார் என்று கேட்டார். நான் என்றேன். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது வேணாமே ஆர்டிஸ். உன்மேலயும் கேஸ் வரும்."

போடுங்கள் என்றேன்.

பிப்ரவரி 9

எங்கள் வீட்டு ஜன்னல் மூன்றையும் உடைத்துவிட்டார்கள். கடையில் ஜோலீன் என் முகத்தில் துப்பினாள். பதினொரு வருடம் தோளோடு தோள் நின்று வெட்டியவள். துடைத்துக்கொண்டேன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் துப்பியிருப்பேன், இன்னும் குறி பார்த்து.

மார்ச் 6

சங்கம் தோற்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பழைய ஆட்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. ஓரனுக்கும் இல்லை. ஒரு கையால் கோழி வெட்ட முடியாது என்று ஆலைக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். உள்ளே போனவனுக்கும் வெளியே நின்றவனுக்கும் ஒரே மரியாதை.

மார்ச் 20, செவ்வாய்

பிப்ரவரியில் கைதான வெர்லின் இன்னும் மாவட்டச் சிறையில். என் வழக்கு மே மாதம்.

காலையில் ஒரு கோழியை வைத்தேன். எட்டு மணி நேரம். ஓரன் வீட்டு வாசலில் நின்று தட்டினேன். உள்ளே ரேடியோ நின்றது.

"நான்தான்" என்றேன்.

அண்ணன் குரல் கேட்டது. "கூட யாரு?"

"யாருமில்ல."

மாடித் திரை விலகியது, மூடியது. கதவு திறக்கவில்லை. பானையைப் படிமேல் வைத்துவிட்டு வந்து காருக்குள் உட்கார்ந்தேன். கதவு திறந்தது. ஓரன் சாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான், காரைப் பார்க்கவில்லை. குனிந்து இடது கையால் தூக்கிப் பார்த்தான், பானை சாய்ந்தது. மேவிஸ் வந்து மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். இருவருமாக உள்ளே கொண்டுபோனார்கள்.

தாழ்ப்பாள் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. நான் வண்டியைக் கிளப்பினேன்.