விலாசம் மாறிய தாள்கள்

வருங்கால நர்ஸம்மாவுக்கு,

இங்கே நான் நலம், அம்மா நலம். சமையலறைக் குழாயை மாற்றிவிட்டேன், இனி ஒழுகாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து உன்னை ஹாஸ்டலிலிருந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறாய். வரமாட்டேன். "எனக்கு எழுத வராதுங்க, இந்தப் படிப்பே வேண்டாம்" என்று நான்கு பக்கம் புலம்பியிருக்கிறாய். எழுத வராதவளா நான்கு பக்கத்தில் என்னைக் கலங்கடித்தாள்?

நீ கூடவே வைத்து அனுப்பிய இரண்டு தாள்களையும் படித்தேன். காலில் புண்ணோடு வார்டில் படுத்திருக்கும் ஒரு பெரியவரைப் பற்றித்தான் இரண்டுமே: ஒன்று நோயாளிக் குறிப்பு, இன்னொன்று உன் அனுபவக் கட்டுரை. குறிப்பில், "புண் வலிக்கிறதா என்று கேட்டால் சன்னலைக் காட்டி, அங்கே தம்பி நிற்கிறான் என்கிறார். அங்கே யாரும் இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது" என்று எழுதியிருக்கிறாய். டீச்சர் சிவப்பு மையில், "கதை கேட்கவில்லை. காய்ச்சல் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டார். உடனே பயந்துபோய், கட்டுரையில் காய்ச்சல், நாடித்துடிப்பு, கட்டு மாற்றியது என்று வரிசையாக அடுக்கிவிட்டாய். அதற்கு அவர், "இதில் நீங்கள் எங்கே?" என்கிறார். அப்படி எழுதினாலும் திட்டு, இப்படி எழுதினாலும் திட்டு என்று நீ உட்கார்ந்துவிட்டாய்.

எனக்கும் முதலில் உன் மேல்தான் எரிச்சல். கேட்டதைக் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று முணுமுணுத்தபடி வேலைக்குப் போனேன். போய் நான் செய்த கூத்தைக் கேள்.

ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பழுது. இரண்டு தாள் எழுதினேன். குடியிருப்புச் செயலாளருக்கு: "மூன்றாவது மாடிக் கதவில் கோளாறு. புதிய பாகம் பொருத்தும்வரை லிஃப்ட் இயங்காது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." அடுத்த ஷிஃப்டுக்கு வரும் நம் குண்டு மெக்கானிக்குக்கு: "டேய், மூணாவது மாடிக் கதவுல கையை விடாதே. விட்டா உன் பொண்டாட்டி என்னைச் சும்மா விடமாட்டா." அவசரத்தில் தாள்களை மாற்றிக் கொடுத்துவிட்டேன். செயலாளர் போனில், "யாரைப் பார்த்துய்யா டேய்ங்கற? என் பொண்டாட்டிய எதுக்கு இழுக்கற?" என்று குதித்தார். குண்டனோ, "என்னடா, வேலையை விட்டுப் போறியா? திடீர்னு இவ்ளோ மரியாதை" என்றான்.

இரண்டு தாளிலும் ஒரு தப்பும் இல்லை. படித்த ஆள்தான் மாறிப்போனது. செயலாளரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போதே உன் தாள்கள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அதற்கும் தனியாகத் திட்டு வாங்கினேன்.

உன் குறிப்பைப் படிக்கப்போவது அடுத்த டியூட்டி நர்ஸ். அவளுக்கு அரை நிமிடம்தான் இருக்கும். உன் தொண்டை அடைத்ததை வைத்து அவள் என்ன செய்வாள்? ஆனால் சன்னலை மட்டும் வெட்டிவிடாதே. "இல்லாத ஆளை இருப்பதாகச் சொல்கிறார்" என்று, எப்போதிலிருந்து என்பதையும் சேர்த்து, காய்ச்சலுக்குப் பக்கத்திலேயே எழுது. புண்ணால் காய்ச்சல் முற்றினாலும் இப்படிப் பிதற்றுவார்கள், டாக்டர் கட்டாயம் பார்க்கவேண்டிய வரி அது. உன் டீச்சரும் அதைக் கவனிக்கவில்லை, நீ கவனித்திருக்கிறாய். நாடித்துடிப்பை எண்ண யாரும் கற்றுக்கொள்ளலாம்.

கட்டுரை வேறு. அங்கே அவர்கள் கேட்பது உன்னைத்தான். சன்னலில் யாருமில்லை என்று தெரிந்தும் அந்தப் பெரியவரிடம் என்ன பதில் சொன்னாய்? கையைப் பிடித்துக்கொண்டாயா, பேச்சை மாற்றினாயா? அதை எழுது. எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

இரண்டு தாளின் அடியிலும், வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தரலாம் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. சிவப்பைப் பார்த்த பதற்றத்தில் நீ அதைப் படிக்கவே இல்லை போல. பெட்டியில் அடுக்கிய துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் வை. பிறகு உட்கார்ந்து எழுது.

அம்மா, "பாவம்டா, வரட்டுமேடா" என்கிறாள். காதில் வாங்கவில்லை. நேற்று உன் தலையணை உறையைத் துவைக்க எடுத்தாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று பிடுங்கி வைத்துவிட்டேன். ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

படிப்பை முடித்துவிட்டு வா. அதுவரை வராதே, தயவுசெய்து.

உன்,
சிடுமூஞ்சி