புடைத்த டயரும் அப்பாவின் பெருந்தமனியும்

அன்புள்ள குட்டிக்கு,

இங்கு நாங்கள் நலம். இந்த முறை ஸ்கேனைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சொல்லை எழுதுகிறேன். நீயும் ரத்த அழுத்தத்தை அளந்துவிட்டே நலம் என்று எழுது.

போனில் அரைகுறையாகச் சொன்னதை முழுதாகச் சொல்கிறேன். நம் டயர் கடையில் வேலையாக இருந்த அப்பாவுக்குத் திடீரென்று முதுகைக் கிழிப்பது போல வலி. உடனிருந்த உன் மாமா, வாய்வுதான்க்கா, ஒரு சோடா குடிச்சா சரியாயிடும் என்றான். வாய்வுக்கு மனிதர் முகம் சுண்ணாம்பாக வெளுக்குமா? நான் நம்பவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி முதுகுப் பக்கமாக இறங்கும் இடத்தில், அதன் சுவருக்குள்ளேயே ரத்தம் கசிந்து உறைந்திருக்கிறது, ஆனால் உள் அடுக்கு கிழியவில்லை என்றார். உடனே உன் அப்பா, கிழியலைல்ல, வலியும் நின்னுடுச்சு, கடைய அப்படியே போட்டுட்டு வந்திருக்கேன் என்று செருப்பைத் தேடினார். உள் அடுக்கு கிழிந்தால் ஓடுகிற ரத்தம் அதன் வழியே புகுந்து சுவரையே பிளந்துகொண்டு போகும், இந்தக் கசிவு எந்த நேரமும் அந்தப் பிளவாக மாறலாம், அழுத்தத்தை இறக்கி வைத்தால் தானாகக் கரையவும் கரையலாம் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உன் அப்பா காதில் ஏறவில்லை. நான் ஒன்றுதான் கேட்டேன்: பக்கவாட்டுல புடைச்ச டயரோட வந்து, காத்து இறங்கலையே அண்ணே, அப்புறம் என்னங்கிறவனை ஓட்டிட்டுப் போன்னு விடுவீங்களா? எத்தனை பேரின் வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்தவர் என்று உனக்கே தெரியும். மனிதர் செருப்பை விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். அன்று மாலையே வலி திரும்பியது, அழுத்தம் எகிறியது. ஊசி மருந்து தயாராக இருந்தது, கட்டிலைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், அழுத்தத்தை இறக்கிவிட்டார்கள். கடையில் இருந்திருந்தால் என்று நான் யோசிப்பதில்லை.

சில மாத மருந்துக்குப் பிறகு, நேற்றைய ஸ்கேனில் அந்த ரத்தத்தின் தடமே இல்லை. பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே காட்டினார். தடித்துக் கிடந்த சுவர் மெல்லிசாக, ஒழுங்காக இருக்கிறது. ஜெயித்துவிட்டோம் குட்டி! வெளியே நடைவழியில் எல்லார் முன்னாலும் உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரே பயந்துபோய், என்னாச்சு, உனக்கு மயக்கமா என்றார்.

இனி மாத்திரை ஆயுளுக்கும் உண்டு, ஸ்கேனும் தொடரும், கனம் தூக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்கிறார், சோடா டாக்டர் ஸ்பேனரைத் திருப்புகிறான். முதலில் கழற்ற வைத்தது எந்த டயர் தெரியுமா? நம் வண்டியின் பின் டயர். எவ்வளவு நாளாகப் புடைத்திருந்ததோ! ஊருக்குத்தான் உபதேசம்.

நீ நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும். வலி நின்றுவிட்டது என்பதற்காக எதையும் விட்டுவிடாதே.

சந்தேகப்பட்டே ஜெயித்த,
உன் அம்மா