ஆடு என்று சொன்னேன்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். லேப் ரெக்கார்டில் இன்னும் நான்கு படம் பாக்கி. ஒன்றும் ஓடவில்லை. வேலு இன்று தன் ரகசியத்தைச் சொல்லிவிட்டான்.

ஏழு மாதப் பழக்கம். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிறவன். கை நிறைய கிரீஸ், ஆனால் கிட்டே போனால் பூ வாசனை. ஏதோ சென்ட் என்று நினைத்திருந்தேன்.

பி.ப. 2. அவன் அம்மா மீன் மார்க்கெட்டில். வீட்டுப் பின்பக்கம் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்தான்.

"முதல் குடத்த தலையில ஊத்து. மரமாயிடுவேன். ரெண்டாவத வேர்ல ஊத்துனா திரும்பி வந்துடுவேன். நடுவுல ஒரு இலைகூட கிள்ளக் கூடாது. விழுந்த பூவ எடுத்துக்கலாம்."

சிரித்தேன். ஊற்றினேன்.

மரம். என்னைவிட இரண்டு மடங்கு உயரம். மரமல்லி போல, ஆனால் பூவின் ஓரத்தில் லேசான சிவப்பு. பயமே வரவில்லை. அடியில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தேன். உள்ளே மெதுவாக ஏதோ துடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

இரண்டாம் குடம். சொட்டச் சொட்ட நின்றான். "எங்கம்மாவுக்கு அப்புறம் நீதான் பாத்திருக்க."

ஜூலை 10, வியாழன்

ஞாயிறு அக்காவுக்கு நிச்சயம். ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டுமாம். எனக்கு வேலை: டெய்லரிடம் ஜாக்கெட், வாழை இலை சொல்வது, சித்திக்கு போன்.

என் தலையிலிருந்த வேலுவின் பூவை அக்கா மோந்து பார்த்தாள். "இன்னா பூடி இது? எனக்கும் ஜடையில வைக்க ஒரு கொத்து கொண்டாயேன்."

சரி என்றுவிட்டேன்.

வேலுவையும் நிச்சயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். வீட்டில் சொன்னது: காலேஜ் தோழியின் அண்ணன்.

ஜூலை 12, சனி

எழுதிவிடுகிறேன்.

இன்னொரு தடவை என்று கெஞ்சியது நான்தான். ஊற்றினேன். விழுந்த பூ கொஞ்சம், அதுவும் நசுங்கியது. கண்ணெதிரே ஒரு சின்னக் கொப்பு, நுனியில் கொத்து. கை தானாகப் போனது என்று எழுத வந்தேன். பொய். யோசித்தேன். இவ்வளவு பெரிய மரத்தில் இது தெரியவா போகிறது என்று நினைத்தேன். ஒடித்தேன். பால் வந்தது. பையில் மறைத்துவிட்டுத்தான் இரண்டாம் குடத்தைத் தூக்கினேன்.

வந்தான். இடது கையில் கடைசி இரண்டு விரல் இல்லை. ரத்தம் இல்லை. பிறந்ததிலிருந்தே இல்லாதது போல வழவழவென்று. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாராவது வந்தாங்களா?"

"ஆடு. பக்கத்து வீட்டு ஆடு உள்ள வந்துடுச்சி. நான் தொரத்தறதுக்குள்ள..."

"சரி சரி, அழாத. ஸ்பேனர் புடிக்க மூணு விரல் போதும்."

அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். எனக்கு.

ஜூலை 13, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து அறுபது பேர். வடை போதவில்லை.

கொப்பைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, பையிலேயே வைத்திருந்தேன். அக்கா துழாவி எடுத்து, அப்படியே ஜடையில் செருகிக்கொண்டிருக்கிறாள். தட்டு மாற்றும்போதுதான் பார்த்தேன். வேலு எனக்கு முன்பே பார்த்துவிட்டான். தன் பூ அவனுக்குத் தெரியாதா.

எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. கைக்குட்டை சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு பாயசம் வரை சாப்பிட்டான். அம்மா, "கூச்சப்படுது பாரு, இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றாள். போட்டேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வரேங்க." அம்மாவிடம் மட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டு நாளாக அவன் போனை எடுக்கவில்லை. மழைத் தூறல். காலேஜ் போகாமல் துறைமுகத்துக்கே போனேன். இன்ஜினைக் கழற்றிப் போட்டு, ஒரு நட்டை மூன்று விரலால் பிடிக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தான். கிட்டே போய் நின்றேன்.

"கோவம் ஒடிச்சதுக்கு இல்ல மீனா. ஆசப்பட்டு ஒடிச்சிட்ட, சரி. ஆடுன்னியே. நான் உன்னத் தேத்திக்கிட்டு நிக்கறேன், நீயும் கேட்டுக்கிட்டு நிக்கற."

அக்காவின் ஜடையிலிருந்து எடுத்து வைத்திருந்த கொப்பை நீட்டினேன். இன்னும் வாடவில்லை. மறுபடி மரமாகும்போது ஒடிந்த இடத்தில் அதை வைத்துக் கட்டி, தண்ணீர் ஊற்றினால் விரல் வந்துவிடும் என்று அவன் அம்மா சொன்னார்களாம்.

"நான் ஊத்தறேன் வேலு. இப்பவே வா."

கையிலிருந்த நட்டைக் கீழே வைத்தான். "மரமா நிக்கும்போது எனக்குக் கண்ணு கெடையாது, வாய் கெடையாது. அம்மா ஊத்துவாங்க."

கொப்பை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டான்.

ஜூலை 18, வெள்ளி

ரெக்கார்டு சைன் ஆயிற்று. அப்பாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும். மறந்தேன்.

மார்க்கெட். அவன் அம்மா சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கேட்காமலே சொன்னார்கள்: "சேந்துடுச்சி கண்ணு. ரெண்டு வெரலும் நல்லா மடங்குது."

"என்னப் பத்தி ஏதாவது..."

கத்தி நின்றது. "இல்ல கண்ணு. காரைக்கால்ல வேல இருக்குன்னு காலைல பஸ் ஏறிட்டான்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலியார்பேட்டை வீடு வரை நடந்தே வந்தேன்.

வீட்டில் அம்மா: "கண்ணு ஏன்டி இப்பிடி செவந்திருக்கு?"

தூசு என்று வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை.

"அன்னிக்கி வந்த பையன் தோழியோட அண்ணன் இல்லம்மா."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.