எக்ஸ்போர்ட் ஆகாத மூன்றாவது முடிச்சு

ஜூன் 4, புதன்

கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. டேபிள் ஃபேன் கம்ப்யூட்டருக்கு. எனக்கு பழைய காலண்டர் அட்டை.

வசந்தா அக்கா கல்யாணப் படங்கள் எடிட்டிங் முடிந்தது. மொத்தம் 412. ஞாயிறு மதிய விருந்தில் மண்டபத் திரையில் ஓட்ட வேண்டும்.

நான் இதுவரை எடிட் செய்ததில் மனசுக்குப் பிடித்த கல்யாணம் இதுதான். மணப்பெண்ணுக்கு வயது 51. பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை. கணவர் தவறிப் பதினெட்டு வருடம். மாப்பிள்ளை தட்சிணாமூர்த்தி, ரேஷன் கடைக்காரர், இதுவரை கல்யாணமே ஆகாதவர். பார்த்து முடித்து வைத்தது அக்காவின் மகள் திவ்யா. போன வெள்ளி திருமுக்கூடல் கோயிலில் தாலி. வந்தது இருபது பேர். முருகண்ணன்தான் படம் எடுத்தார். ஸ்டுடியோ அவருடையது. இனி மு. என்று எழுதுகிறேன்.

மாலை 4: எடிட் செய்த படங்களைத் தனித்தனி ஃபைலாக வெளியே எடுக்க எக்ஸ்போர்ட் போட்டேன். முதல் படத்திலேயே நின்றது. 'ஃபைலை எழுத முடியவில்லை.'

டிஸ்க்கில் இடம்? தாராளம். வேறு டிஸ்க்? அதே பாட்டு. அணைத்துப் போட்டேன். அதே.

பிறகுதான் ஃபோல்டர் பெயரைப் பார்த்தேன். மு. வைத்தது. 'வசந்தா அம்மா கல்யாணம் ஃபைனல்', அதற்குள் 'ஃபைனல் புதுசு', அதற்குள் 'இதுதான் உண்மையான ஃபைனல்', அதற்குள் 'ரோசி இதைத் தொடாதே'. ரோசி நான்தான். இவ்வளவு நீளத்தைக் கம்ப்யூட்டர் எப்படித் தாங்கும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து 'வ' என்று ஒரே எழுத்தில் ஃபோல்டர் போட்டேன். ஓடியது.

சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பாதியில் நிற்கிறது.

ஜூன் 5, வியாழன்

காலையிலிருந்து மூன்று முறை. 209-ல் நின்றது. 214. மறுபடி 210. எந்தப் படத்தில் கோளாறு என்று சொல்லவே மாட்டேன் என்கிறது. 'தெரியாத தவறு' என்று மட்டும். அதற்கே தெரியாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்.

செய்து பார்த்தவை: தற்காலிக ஃபைல்களை அழித்தேன். கிராபிக்ஸ் கார்டை ஆஃப் செய்தேன். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

மதியம் தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய். வாழைக்காய் வறுவல் வீட்டிலேயே மறந்துவிட்டது.

ஆறு மணிக்குத் திவ்யா, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இங்கே.

"அக்கா, முடிச்சு படம் நல்லா வந்திருக்குதா? அத மட்டும் காட்டுங்க."

காட்டினேன். மூன்றாவது முடிச்சு போட மாப்பிள்ளையின் தங்கை வரவில்லை. கோபம். அதனால் திவ்யாவே பின்னால் நின்று அம்மாவுக்கு முடிச்சு போடுகிறாள். வசந்தா அக்கா கழுத்தைத் திருப்பி மகளைப் பார்த்துச் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர். ஒரே ஒரு படம்தான். அடுத்ததில் ஐயர் குறுக்கே வந்துவிட்டார்.

திவ்யா நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தென்னேரி மாமா இதப் பாக்கணும்க்கா. அம்மாவோட அண்ணன். இந்த வயசுல இன்னா கல்யாணம்னு வராமலே இருந்துட்டாரு. ஞாயித்துக்கிழம வரேன்னும் சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல."

பார்ப்பார் என்று சொல்லி அனுப்பினேன். எக்ஸ்போர்ட் நின்றுபோனதைச் சொல்லவில்லை.

ஜூன் 6, வெள்ளி

காலையில் குளிக்கும்போது யோசனை. பாதிப் பாதியாகப் பிரித்தால்? முதல் 206 ஒழுங்காக வந்தது. அடுத்த 206-ல் நின்றது. அதை 103, 103. பிறகு 52. பிறகு 26. ஒன்பதாவது தடவை ஒரே ஒரு படம் மிஞ்சியது.

மூன்றாவது முடிச்சு.

பெரிதாக்கிப் பார்த்தேன். சிறியதாகக் காட்டும்போது முழுதாகத் தெரிந்தது. பெரிதாக்கினால் மேல்பாதி மட்டும். கீழே சாம்பல் நிறம், நடுவில் ஊதாக் கோடு. மு. காப்பி முடிவதற்குள் கேமரா கார்டைப் பிடுங்கியிருக்கிறார்.

மு.வுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. இன்று அவருக்குத் திருப்புட்குழியில் ஒரு வளைகாப்பு வேலை. ஸ்கூட்டியை எடுத்தேன். ஹைவேயில் லாரிப் புழுதி, தலைக்குமேல் வெயில்.

வாசலிலேயே அந்தக் கேமரா கார்டைக் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அந்தக் கார்டுதான்மா இதுல போட்டிருக்கேன். காலைல ஃபார்மெட் பண்ணிட்டேன்."

"எத்தினி படம் எடுத்திருக்கீங்க?"

"அம்பது இருக்கும்."

"இதுக்குமேல ஒண்ணும் எடுக்காதீங்க. கார்ட வெளிய எடுங்கண்ணா."

உள்ளே யாரோ "போட்டோகாரரே, நலங்கு வைக்கப் போறோம்" என்று கூப்பிட்டார்கள். அவர் வேறு கார்டை மாட்டினார். ஃபார்மெட் செய்தால் பட்டியல் மட்டும்தான் போகும், புதுப் படம் மேலே ஏறும்வரை பழையது உள்ளேயே கிடக்கும் என்று சொன்னேன். பாதிதான் புரிந்தது போலிருந்தது. "நான் காப்பி அடிக்கும்போது போன் வந்திச்சு ரோசி. என் தப்புதான்" என்றார். எட்டு வருடத்தில் முதல் தடவை. திட்ட வேண்டும் என்றுதான் வந்தேன், திட்டு வரவில்லை. ஒரு அம்மா கையில் கலந்த சாதத் தட்டைத் திணித்தார். நின்றபடியே சாப்பிட்டேன். புளிசாதம் பிரமாதம்.

2.20: மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர் போட்டேன். எந்தப் படத்துக்கும் பெயர் இல்லை, எண் மட்டும். ஒவ்வொன்றாக வருகிறது. கோபுரம். ஆற்று மணல். செருப்புக் குவியல். தட்சிணாமூர்த்தி வேட்டியைச் சரிசெய்வது, ஏழு தடவை.

5.50: கிடைத்தது. பெரிதாக்கினேன். முழுதாக இருக்கிறது. திவ்யாவின் விரல், மஞ்சள் கயிறு, எல்லாம்.

தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்து "இன்னாமா ஆச்சு?" என்றார். ஒன்றுமில்லை, எடிட்டிங் என்றேன்.

ஜூன் 7, சனி

412-ம் வெளியே வந்துவிட்டது. காப்பி மூன்று இடத்தில்.

பதினோரு மணிக்கு வசந்தா அக்காவும் தட்சிணாமூர்த்தியும் ஒரே பைக்கில். அக்கா ஒரு கையால் அவர் தோளைப் பிடித்திருந்தார், இறங்கியதும் சட்டென்று எடுத்துவிட்டார். அக்கா போனுக்குச் சில படங்களை அனுப்பினேன். பார்த்த அரை நிமிடத்தில்:

"இது என் பொடவ கலரே இல்லமா."

"அதேதான்க்கா."

"என் பொடவ அரக்கு. நீ செங்கல் அனுப்பியிருக்க. தெனம் நூறு பொடவ விரிக்கிறேன், எனக்குத் தெரியாதா."

அக்கா சொன்னது சரி. என் திரையில் அரக்கு, போனில் வெளுத்த செங்கல். எக்ஸ்போர்ட்டில் நிற அமைப்பு பிரிண்டுக்கு உரியதாகவே இருந்திருக்கிறது, புதிதாகப் போட்டபோது மாற்ற மறந்துவிட்டேன். மாற்றி 412-ஐயும் மறுபடி. அதுவரை இரண்டு பேரும் பெஞ்சில்.

தட்சிணாமூர்த்தி மெதுவாகக் கேட்டார். "என் சட்ட கலரு சரியா இருக்குதா?"

"வெள்ள சட்டைல இன்னா கலரு பாக்கப் போறீங்க" என்றார் அக்கா. மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது.

ஜூன் 8, ஞாயிறு

மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து நேரே மண்டபம். மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. கூட்டம் நூறு பேருக்கு மேல். திருமுக்கூடலுக்கு வராதவர்கள் பாதி.

படங்கள் ஓடத் தொடங்கியபோது கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், உட்காராமல். திவ்யா என் கையை அழுத்தினாள். "மாமா." அவள் அசையவில்லை. நானும்.

முடிச்சுப் படம் வந்தது. மண்டபமே கை தட்டியது. அவர் நகர்ந்து நான் லேப்டாப் வைத்திருந்த மேஜைக்கு வந்தார்.

"அத நிறுத்துமா. அந்தப் படத்த."

நிறுத்தினேன்.

"ஏன் பொண்ணு முடிச்சு போடுது? மாப்ளைக்குத் தங்கச்சி இல்ல?"

"இருக்காங்க. வரலைங்க."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும்தான் வரல" என்றார்.

அப்புறம் நேராக மேடை ஏறினார். வசந்தா அக்கா எழுந்துவிட்டார். என்ன பேசுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"சாப்ட்டியா?"

"நீ வராம எப்படிண்ணா சாப்டுவேன்."

அவ்வளவுதான். மு. ஓடி வந்து கிளிக் செய்தார். படம் எடுத்த பிறகும் மாமா இறங்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மேடைக்கு வந்த ஒவ்வொருவரையும் பெண் வீட்டுக்காரராகக் கைகூப்பி வாங்க என்றார், பந்திக்கு இடம் காட்டினார், என்னையும் பெயர் கேட்டு உட்கார வைத்தார்.

இரண்டாம் பந்தி. பாயசம் இரண்டு டம்ளர்.