பீடியை விட்ட பிறகு வந்த இருமல்

தம்பி,

இன்று காலை தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டில் இருமல் சத்தம். வறட்டு இருமல் இல்லை, அடிநெஞ்சிலிருந்து எதையோ பெயர்த்துக்கொண்டு வருகிற இருமல். பாம்பனுக்கு ஐஸ் ஏற்றிப் போகிற மினி லாரி ஓட்டுகிறவர் அவர். வேலியோரம் துப்பிவிட்டு, கண்ணில் நீர் தளும்ப நிமிர்ந்து உள்ளே போனார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் வேலிப்பக்கம் வந்தாள்.

"பாருங்க டீச்சர். சிகரெட்ட விட்டுட்டேன்னு பிள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு. விட்ட மனுசனுக்கு எதுக்கு இருமல் கூடுது? வண்டிக்குள்ள ஒளிச்சு வச்சுக் குடிக்கிறாரு."

"விட்டதுனாலதாம்மா கூடுது. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. வீட்டுக்குள் வந்தபிறகும் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. உன் இருமலை நான் மறந்திருந்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

நீ ஆடி மாதத்தில் வந்தாய். அபிராமத்தில் நம் காட்டில் மிளகாய் எடுத்து முடிந்து, நிலம் சும்மா கிடந்த நேரம். இங்கே உச்சிப்புளியில் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற நேரம். தோளில் ஒரு பையோடு வாசலில் நின்றாய், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"அக்கா, இங்கன கொஞ்ச நாள் இருந்துக்கிறட்டா? ஊர்ல இருந்தா பீடி என்னைய விடாது."

செல்வி பிள்ளை பவியைத் தூக்கிக்கொண்டு திருவாடானைக்கு அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னாய். பிள்ளைக்கு மூச்சிரைப்பு நிற்கவில்லை. வீட்டுக்குள் புகை இருக்கிறவரை மருந்தால் மட்டும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "விட்டுட்டு வந்து கூப்புடுங்க" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாளாம் உன் பொண்டாட்டி. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீ எத்தனை தடவை விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறாய்! மாட்டுக்கொட்டகைக் கூரையிலும் பம்புசெட் ரூமிலும் நீ செருகி வைத்த கட்டுகளை அவள் எத்தனை தடவை எடுத்திருக்கிறாள்!

முதல் சில நாட்கள் உனக்குக் கைதான் பெரிய தொல்லை. பீடி பிடித்த விரல்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கை உருவி, துண்டு துண்டாக ஒடித்துப் போட்டுக்கொண்டே இருப்பாய். நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் திண்ணைக்குக் கீழே ஒரு குப்பை, கையில் பாதி விளக்குமாறு. தலை இரும்பாய்க் கனக்கிறது என்பாய். டீயைக் கையில் வாங்கினால் பீடி ஞாபகம் வருகிறது என்று டீயையே விட்டாய். வாயெல்லாம் புண். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தேன். என்னிடம் சொல்ல வெட்கப்பட்டதை உன் மச்சானிடம் சொன்னாய். "பீடி இல்லாம காலையில வெளிக்கே வரமாட்டேங்குது மச்சான்." அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, போய் ஒரு சீப்பு வாழைப்பழமும் பப்பாளியும் வாங்கி வந்து உன் முன்னால் வைத்தார். என்னிடம் வந்துதான் சிரித்தார்.

பிறகு கோபம் வந்தது. எதற்கென்று உனக்கே தெரியாத கோபம். கடற்படை ஹெலிகாப்டர் தோப்புக்கு மேலே சுற்றியபோது, நீ சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினாய். "ஏலே, வேற எடமே இல்லையாடா ஒனக்கு? என் தலைக்குள்ளதான் சுத்தணுமா?" உன் மச்சான் வாய் தவறி, "ரொம்ப முடியலைன்னா ஒண்ணே ஒண்ணு..." என்று ஆரம்பித்தார். அவர்மேல் பாய்ந்தாய். "நீங்களுமா? நீங்களுமா மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்து அழுதாய். கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்ற ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மறுநாள் நீயே போய் அவரோடு தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினாய். ஆசை முட்டும்போதெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொள்வாய். இல்லையென்றால் கடற்கரைக்கு நடப்பாய். "கொஞ்ச நேரந்தாங்க்கா. அந்தக் கொஞ்ச நேரம் தாண்டிட்டா அது போயிருது. அப்புறம் மறுபடி வருது" என்றாய்.

இதெல்லாம் தணியத் தொடங்கியபோதுதான் இருமல் பிடித்தது. பீடி குடித்த காலத்தில்கூட நீ அப்படி இருமியதில்லை. கறுப்பாய்ச் சளி வந்தது. பயந்துபோய் இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு உன்னை அழைத்துப் போனேன். டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்து நிதானமாகக் கேட்டார். படமும் எடுத்துப் பார்த்தார். "உள்ள தேங்கிக் கிடந்தது வெளிய வருது. புகை இருந்தவரைக்கும் அது வெளிய வர வழியில்லாம கிடந்துச்சு. சில வாரம் இருக்கும், அப்புறம் அடங்கிரும். வெந்நி நெறைய குடிங்க. ரத்தம் வந்தாலோ, நெஞ்சு வலிச்சாலோ, மூச்சு முட்டுனாலோ மட்டும் உடனே ஓடி வாங்க" என்றார். வெளியே வந்து நீ, "அப்ப நல்ல இருமல்தானாக்கா இது?" என்று கேட்டாய். எவ்வளவு சந்தோஷம் உன் முகத்தில்! அந்தச் சொற்களைச் செல்வி அங்கே நின்று தன் காதால் கேட்டிருக்கக் கூடாதா என்று இன்றுவரை நினைக்கிறேன்.

ஏனென்றால் அவள் காதில் விழுந்தது இருமல் மட்டும்தான். போனில் பவியோடு பேச உட்காருவாய். இரண்டு வார்த்தைக்குள் இருமல் வந்துவிடும். பிள்ளை அதை விளையாட்டாக்கிக்கொண்டது. "அப்பா, லொக்கு லொக்கு" என்று நடித்துக் காட்டிச் சிரிக்கும். பின்னால் செல்வியின் பேச்சு நின்றுபோகும். நீ போனைக் கையால் பொத்திப் பார்த்தாய். பிறகு, இருமல் அடங்கட்டும் என்று போன் பேசுவதையே நிறுத்தினாய். குற்றமுள்ளவன்தான் ஒளிவான் என்று அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் மீன்குழம்பை வாயில் வைத்ததும், "அக்கா, இன்னைக்குப் பூண்டு போடலையா?" என்றாய். உண்மையில் போட மறந்திருந்தேன். எத்தனையோ வருஷமாக உனக்கு எதைப் போட்டாலும் ஒன்றுதான். நாக்குக்கு ருசி திரும்பிவிட்டது என்று நீயே எழுந்து நின்று கும்மாளம் போட்டாய். "போதும்க்கா. நாளைக்குத் திருவாடானைக்குப் போயி கூட்டிட்டு வாரேன்." இருமல் முழுசாக நிற்கட்டும் என்றேன். "நேர்ல பாத்தா நம்பிருவா" என்றாய்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனாய். அங்கே நடந்ததை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பவி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. அதைத் தூக்கியதுமே இருமல் வந்துவிட்டது. பிள்ளையை இறக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாய். நிமிர்ந்தபோது உன் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மாப்ள, மனுசன் பொய் சொல்லுவான். இருமல் பொய் சொல்லுமா?"

டாக்டரம்மா சொன்னதை நீ சொல்லச் சொல்ல, அது ஒரு புதுப் பொய்யாகவே அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. செல்வி பவியை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாளாம். காப்பித் தண்ணிகூடக் குடிக்காமல் வந்துவிட்டாய்.

பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு கட்டு பீடி வாங்கினாய். அதையும் நீயேதான் சொன்னாய். "வாங்குனேன்க்கா. செய்யாத தப்புக்குத் தண்டனை வாங்கியாச்சு, செஞ்சாத்தான் என்னன்னு தோணுச்சு. பஸ்ஸுல ஏறுற வரைக்கும் கையிலயே வச்சிருந்தேன். அப்புறம் பக்கத்து சீட்டு ஆளுகிட்டக் குடுத்துட்டேன். அவரு என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாய். சிரிப்பும் இருமலாகத்தான் முடிந்தது.

அந்த வாரமே நான் திருவாடானைக்குப் போனேன். உனக்கு அது தெரியும். ஆனால் அவள் சொன்ன பதிலை உன்னிடம் அப்படியே சொல்லவில்லை. என்னை உட்காரவைத்து, தட்டில் முறுக்கு வைத்து, மரியாதையாகத்தான் பேசினாள். "மதினி, நீங்க அவரு அக்கா. எனக்கும் அண்ணன் இருக்காரு. நானா இருந்தாலும் இப்படித்தான் வந்து சொல்லுவேன்." உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கொடுக்க வழியில்லாமல் பஸ் ஏறினேன்.

இருமல் அடங்கியது, டாக்டரம்மா சொன்ன மாதிரியே. ஐப்பசியில் நீ ஊருக்குப் போய் விதை போட்டாய். தனியாகச் சமைத்துச் சாப்பிட்டாய். பீடி குடிக்கிற கூட்டாளிகள் வரப்பில் உட்கார்ந்தால் நீ அடுத்த வரப்புக்குப் போவாயாம். மாசியில், சொல்லாமல் கொள்ளாமல் செல்வி வந்து இறங்கினாள். நீ காட்டில் இருந்தாய். அவள் போனில் எனக்குச் சொன்னது இது: "பெட்டியத் தொறந்து வேட்டி சட்டையெல்லாம் எடுத்து மோந்து பாத்தேன் மதினி. வெறும் சோப்பு வாசந்தான். தலகாணியயும் பாத்தேன். அப்புறம் சோத்துக்கு ஒலைய வச்சேன்."

பவிக்கு இரைப்பு குறைந்தது. நீ சந்தோஷமாகத்தான் இருந்தாய். ஒன்றே ஒன்று உனக்குக் குறை. ஒருதரம் என்னிடம் வாய்விட்டே சொன்னாய். "அவ நம்புறாக்கா, தெரியுது. ஆனா விட்டுட்டீகன்னு ஒரு வார்த்த வாயில இருந்து வரல. அவங்க அப்பாவும் சொல்லல. கேட்டு வாங்குனா நல்லாவா இருக்கும்?" "வரும்டா, பொறு" என்றேன். காலம் நிறைய இருக்கிறது என்று நானும் நினைத்தேன், நீயும் நினைத்தாய்.

அடுத்த வருஷம் சித்திரையில், களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தபோது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாயை எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினாய். மழை விழுவதற்கு முன்னால் உன்மேல் இடி விழுந்தது. அவ்வளவுதான். செல்வி, வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ அவளோடும் பிள்ளையோடும் இருக்க மிச்சமிருந்த நாட்களே கொஞ்சம். அதில் இத்தனை மாதத்தை ஒரு இருமல் தின்றுவிட்டது. யாரை நோவது? அவள் ஏமாந்து ஏமாந்து கெட்டிப்பட்டவள். உன் மாமனார் மகளைப் பெற்றவர். எல்லாரிடமும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு ஆறவில்லை. துட்டி கேட்க வந்த தூரத்து உறவு ஒருவர் கூட்டத்தில், "எப்பப் பாத்தாலும் பீடியும் கையுமா இருப்பான். அதுதான் கொண்டு போயிருச்சா?" என்று கேட்டார். இடி விழுந்தது என்று யாரோ சொன்னார்கள். அவர் கேட்டதுபோலத் தெரியவில்லை.

கருமாதியன்று படையல் போட்டோம். வாழை இலையில் சோறு, கறிக்குழம்பு, உனக்குப் பிடித்த அதிரசம், ஒரு புது வேட்டி. பெரியப்பா மடியிலிருந்து ஒரு கட்டு பீடியும் தீப்பெட்டியும் எடுத்து இலையோரம் வைத்தார். நம் பக்கம் வழக்கம்தான். நான் வாயெடுப்பதற்குள், சுவரோரம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த செல்வி எழுந்து வந்தாள்.

"அத எடுங்க."

"அவன் ஆசையாக் குடிச்சது தாயி. ஒரு சாங்கியத்துக்கு இருக்கட்டும்."

"அவரு விட்டுட்டாரு" என்றாள். வெளியே பந்தலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்பா அங்கேதான் நின்றார். அவர் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னாள். "அவரு விட்டுட்டாரு. எடுங்க."

பெரியப்பா குனிந்து எடுத்துக்கொண்டார். உன் மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நீ ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாயே, அது வந்தது, தம்பி. ஊர்கூடி நிற்க, இரண்டு தடவை வந்தது. உனக்கு வரவேண்டியதை நான் கேட்டு வைத்திருக்கிறேன். உன்னிடம் சேர்க்கத்தான் வழி தெரியவில்லை.

அக்கா